கடல் முள்ளெலியை அதன் வம்சமரத்தில் பொருத்துவது எப்படி

இன்று கடலில் வாழும் முள்ளெலிகள் ஏறக்குறைய 1,000 இனங்கள். பாறைகளிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்டுள்ள அழிந்த இனங்களோ 10,000 என்ற அளவில் இருக்கின்றன. உயிருள்ளவற்றையும் கல்லாகிப் போனவற்றையும் ஒரே மரத்தில் வைத்து ஆராய்வதற்கு இவ்வளவு நன்றாக இடந்தரும் விலங்குக் குழுக்கள் அதிகமில்லை. அதற்குக் காரணம் அவற்றின் ஓடு. மெல்லிய தோலுக்கு அடியில் நூற்றுக்கணக்கான சுண்ணகத் தகடுகள் ஒழுங்கான வரிசைகளில் பொருந்தி அமைந்த அந்த ஓட்டில், வாய், மலவாய், குழற்கால்கள், முட்டையும் விந்தும் வெளியேறும் கருத்துளைகள், தாடைத் தசைகள் ஆகிய எல்லாமே தடம் விட்டுச் செல்கின்றன. உடல் அழுகி ஏழு கோடி ஆண்டுகள் ஆன பிறகும் அந்தத் தடங்களைப் படிக்க முடிகிறது.

ஒரு மாதிரியைக் கையில் எடுத்தவர் அதன் உறவுகளை எந்த வரிசையில் தேட வேண்டும், எந்தப் பண்பை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதை இங்கே காண்போம். தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்: இரண்டு முள்ளெலிகள் ஒன்றுபோல் இருப்பது மட்டுமே அவை நெருங்கிய உறவினர் என்பதற்குச் சான்றாகாது. ஒரு மூதாதையிடம் புதிதாகத் தோன்றி, அதன் வழித்தோன்றல்களுக்கு மட்டும் வந்து சேர்ந்த பண்பே சான்றாகும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டறிவதற்காகவே இருக்கிறது.

மாதிரியைத் தயார் செய்தல்

உயிருள்ள இனங்களுக்குக் கரையில் ஒதுங்கிய ஓடுகளும், மீனவர் வலையில் சிக்கி வேண்டாமென்று கழிக்கப்படும் முள்ளெலிகளுமே போதும். மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் எதையும் எடுக்கக் கூடாது. தசையும் தோலும் ஒட்டியிருக்கும் ஓட்டை, துணி வெளுக்கப் பயன்படும் குளோரின் கரைசலில் நீர் கலந்து ஊறவைத்தால் மென்பகுதிகள் கரைந்துவிடும். அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். அதிக நேரம் விட்டுவிட்டால் தகடுகளை இணைக்கும் இழைகளும் கரைந்து ஓடு உதிர்ந்துவிடும். தாடையைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க விரும்புபவர் மட்டும் அதை வேண்டுமென்றே அப்படி உதிரவிடலாம்.

புதைபடிவத்தில் அமிலம் எதையும் தொடவிடக் கூடாது. வினிகர் கூட ஆகாது. ஓடும் கால்சைட், அதைச் சுற்றியுள்ள பாறையும் பெரும்பாலும் கால்சைட் என்பதால், பாறையைக் கரைக்கும் அமிலம் தகட்டின் மேற்பரப்பையும் அரித்துவிடும். ஊசியும், மென்மையான தூரிகையும், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சும், பொறுமையும் போதுமானவை. தகடுகளுக்கு இடையிலான பொருத்துக் கோடுகள் தெரியாவிட்டால் ஓட்டை நனைத்து, வெளிச்சத்தைச் சாய்வாக விழச் செய்து மெல்லச் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு தகடும் ஒற்றைக் கால்சைட் படிகம் போல ஒளியைத் திருப்புவதால், பக்கத்துத் தகடு மங்கும்போது ஒன்று மட்டும் பளிச்சிடும். முறிந்த முள்ளின் முகம் கண்ணாடித்துண்டு போல வழுவழுப்பாக இருப்பதற்கும் இதுவே காரணம். களத்தில் ஒரு சிறு துண்டைக் கண்டவுடன் அது முட்தோலியை (முள்ளெலி, நட்சத்திர மீன் முதலியவை அடங்கிய பெருங்குழுவை) சேர்ந்தது என்று சொல்லிவிட இந்த அடையாளம் உதவும்.

திசை நிறுத்துதல்

தகடுகளை எண்ணத் தொடங்குமுன் எந்தத் தகடு எதுவென்று பெயரிட வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வென் லவேன் 1874 இல் வகுத்த முறையே இன்றும் வழக்கில் இருக்கிறது. குழற்கால்கள் வெளிவரும் துளைகள் கொண்ட ஐந்து பட்டைகளும், துளையற்ற ஐந்து இடைப்பட்டைகளும் மாறிமாறி அமைந்துள்ளன. லவேன் முன்னவற்றுக்கு ரோமன் எண்களையும் பின்னவற்றுக்குச் சாதாரண எண்களையும் கொடுத்தார். வாய் கீழே இருக்குமாறு ஓட்டை வைத்து மேலிருந்து பார்த்தால், உச்சியில் கருத்துளைத் தகடுகளும் கண்தகடுகளும் வளையமாக நிற்கும். அவற்றுள் சல்லடை போல நுண்துளைகள் நிறைந்த ஒன்று இரண்டாம் கருத்துளைத் தகடு. அது வலப்பக்க முன்புறத்தில் வருமாறு ஓட்டைத் திருப்பினால், அதற்கு இடப்புறம் அடுத்திருக்கும் குழற்கால் பட்டையே மூன்றாவது. அதுவே விலங்கின் முன்பக்கம். உருண்டையான முள்ளெலிக்கு முன்பக்கமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இப்படித் திசை நிறுத்தாமல் எடுத்த குறிப்புகளை வேறொருவர் எடுத்த குறிப்புகளோடு ஒப்பிடவே முடியாது.

வரிசைகளை எண்ணுதல்

முதல் பெரும் பிரிவு எளிய எண்ணிக்கையால் முடிந்துவிடும். இன்றுள்ள எல்லா முள்ளெலிகளிலும் ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு வரிசைத் தகடுகள், ஆக மொத்தம் 20 வரிசைகள். முள்ளெலிகள் ஆர்டோவிசியன் காலத்தின் பிற்பகுதியில், ஏறக்குறைய 45 கோடி ஆண்டுகளுக்கு முன், பாறைப் பதிவில் தலைகாட்டுகின்றன. அப்போதிலிருந்து பெர்மியன் இறுதி வரை வாழ்ந்த பலவற்றில் இந்த எண்ணிக்கை நிலைபெறவில்லை. மெலோனெக்கினஸ் போன்றவற்றில் ஒரு பட்டைக்குள்ளேயே பல வரிசைகள் நெருங்கி நிற்கின்றன. ஆர்க்கியோசிடாரிஸில் குழற்கால் பட்டைக்கு இரண்டும் இடைப்பட்டைக்கு நான்குமாக வரிசைகள் உள்ளன. எனவே 20 வரிசைகள் என்ற ஒழுங்கு, இன்றைய முள்ளெலிகள் அனைத்துக்கும் பொதுவான மூதாதைக்குச் சற்று முன்போ அதனிடமோ நிலைபெற்ற புதிய பண்பு. அந்த மூதாதையும் அதன் எல்லா வழித்தோன்றல்களும் சேர்ந்ததை முடிக்குழு என்றும், அதற்கு முன்பே கிளைத்து அழிந்தவற்றைத் தண்டுக்குழு என்றும் பிரித்து எழுத வேண்டும். விதிவிலக்கு இல்லாமலில்லை: கிரிட்டேசியஸ் காலத்து டெட்ராசிடாரிஸ் முடிக்குழுவைச் சேர்ந்தது என்றாலும் அதன் இடைப்பட்டையின் ஒரு பகுதியில் நான்கு வரிசைகள் உண்டு. ஒரே பண்பை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

தாடையும் அதைத் தாங்கும் எலும்பும்

இங்கேதான் நிதானமாக நேரம் செலவிட வேண்டும். அரிஸ்டாட்டில் விளக்கு என்று அழைக்கப்படும் தாடை 40 துண்டுகளால் ஆனது: ஐந்து பற்கள், அவற்றைப் பற்றியிருக்கும் பத்து அரைக்கூம்புகள், பத்து மேல்துண்டுகள், ஐந்து குறுக்குத் துண்டுகள், இரட்டைப் பகுதிகளாலான ஐந்து கவைகள். விலங்கு இறந்ததும் தசைகள் அழுகித் தாடை கீழே விழுந்துவிடுவதால் புதைபடிவங்களில் அது அரிதாகவே கிடைக்கிறது. ஆனால் தசைகள் பற்றியிருந்த விளிம்பெலும்பு ஓட்டின் உட்புறத்தில், வாயைச் சுற்றி, உடையாமல் நிற்கும். வாய்த்துளை வழியே ஒரு சிறு விளக்கொளியைச் செலுத்தி அந்த விளிம்பைப் பார்க்க வேண்டும். தாடைத் தசைகளைத் தாங்கும் முனைகள் இடைப்பட்டையின் மீது எழுந்தால் அது சிடாராய்டு என்னும் பெரும்பிரிவைச் சேர்ந்தது. குழற்கால் பட்டையின் மீது எழுந்தால் அது யூஎக்கினாய்டு என்னும் மற்றப் பெரும்பிரிவைச் சேர்ந்தது. இன்றைய முள்ளெலிகளின் முதல் கிளைப்பிரிவு இதுதான்.

அதே இடத்தில் வேறு சில அடையாளங்களையும் சரிபார்த்துக்கொள்ளலாம். சிடாராய்டுகளுக்கு வாயைச் சுற்றிப் புறச்செவுள்கள் இல்லாததால் வாய் விளிம்பில் செவுள் வெட்டுகளும் இல்லை. உருண்டை யூஎக்கினாய்டுகளில் அந்த வெட்டுகள் பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். சிடாராய்டின் குழற்கால் தகடு ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். யூஎக்கினாய்டுகள் பலவற்றில் இரண்டு மூன்று தகடுகள் ஒன்றாக இணைந்து, முள் பொருந்தும் ஒரு பெரிய முண்டைத் தாங்கும்.

பற்களின் குறுக்குவெட்டு அடுத்த படி. சிடாராய்டுகளிலும், டயடீமா போன்ற நீண்ட கருமுள் கொண்டவற்றிலும் பல் உட்குழிந்து ஆங்கில யு எழுத்தைப் போல இருக்கும். ஸ்டோமோநியூஸ்டிஸ், ஆர்பேசியா, சால்மாசிஸ் முதலியவற்றில் பல்லின் உட்புறம் நீளவாக்கில் ஒரு முதுகெலும்பு போன்ற வரம்பு எழுந்து, வெட்டுமுகம் ஆங்கில டி (T) எழுத்தைப் போல ஆகிவிடுகிறது. குழிந்த பல் பழைய நிலை என்பதால் அதைப் பகிர்ந்துகொள்வது சிடாரிஸையும் டயடீமாவையும் உறவாக்காது. வரம்புள்ள பல் புதிய நிலை; அது உண்மையான உறவைக் காட்டுகிறது. வரம்புள்ளவற்றுக்குள்ளும் மேல்துண்டுகள் ஒன்றோடொன்று இணைந்து கூம்பின் உச்சியைப் பாலமிட்டு மூடியிருந்தால் அது கேமரோடான்ட் கூட்டம். வங்கக் கடலில் வலைக்கு அகப்படும் சால்மாசிஸும் டெம்னோப்ளூரஸும் இதில் அடங்கும். 2006 இல் மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்ட அமெரிக்க மேற்குக் கரை ஊதா முள்ளெலியும் இதே கூட்டம்தான். இந்தியப் பாறைக் கரைகளின் ஸ்டோமோநியூஸ்டிஸ் வேரியோலாரிஸில் அந்தப் பாலம் கிடையாது.

முண்டுகளையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். முள் வந்து பொருந்தும் முண்டின் உச்சியில் ஒரு சிறு குழி இருப்பது ஆர்க்கியோசிடாரிஸிலேயே காணப்படும் பழம்பண்பு. ஆகவே அந்தக் குழியைக் காட்டி இரண்டு இனங்களை உறவென்று எழுதுவது வீண்வேலை.

வட்டமும் வட்டமல்லாததும்

பழைய பாடநூல்கள் முள்ளெலிகளை ஒழுங்கானவை, ஒழுங்கற்றவை என்று இரண்டாகப் பிரித்தன. மலவாய் உச்சியில் கருத்துளைத் தகடுகளின் நடுவே இருந்தால் ஒழுங்கானது. அங்கிருந்து விலகிப் பின்பக்கமாக இறங்கியிருந்தால் ஒழுங்கற்றது. மண்ணுக்குள் புதைந்து உணவு தேடும் வாழ்க்கைக்கு மாறியதை ஒட்டி, ஜுராசிக் காலத்தின் தொடக்கப் பகுதியில் இந்த விலகல் நேர்ந்தது. இதய வடிவ முள்ளெலிகள், மணல் டாலர்கள், கேசிடுலாய்டுகள் எல்லாம் அந்த ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. எனவே ஒழுங்கற்றவை என்பது உண்மையான கிளைக்குழு. ஒழுங்கானவை என்பது அப்படியல்ல. அது பழைய வடிவத்தை விடாமல் வைத்திருப்பவற்றின் தொகுப்பு மட்டுமே. எலும்புப் பண்புகளும் மரபணுக்களும் ஒருமித்துச் சொல்வது இது: மணல் டாலருக்கு டயடீமாவைவிட ஸ்டோமோநியூஸ்டிஸ் நெருங்கிய உறவு, சிடாரிஸ் இருவருக்குமே தூரத்து உறவு. பார்வைக்கு உருண்டையாக இருக்கும் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டுவைக்கும் பழக்கத்தை விட்டொழிப்பது நல்லது.

அட்டவணை அமைத்தல்

பார்த்தவற்றை எல்லாம் இனி ஓர் அட்டவணையாக்க வேண்டும். வரிசைகளில் இனங்கள், நெடுவரிசைகளில் பண்புகள், கட்டங்களில் நிலைகள். அந்திரேயாஸ் க்ரோவும் ஆண்ட்ரூ ஸ்மித்தும் 2010 இல் வெளியிட்ட ஆய்வு 169 இனத்தொகுதிகளை 306 எலும்புப் பண்புகளால் அலசியது. புதிதாகத் தொடங்குபவர் அவர்களுடைய பண்புப் பட்டியலையே அடிப்படையாகக் கொண்டு, தம் மாதிரியை ஒரு புதிய வரிசையாகச் சேர்ப்பது புத்திசாலித்தனம். சொந்தமாக முப்பது பண்புகளைக் கண்டுபிடித்து ஒரு மரம் வரைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கட்டங்களை நிரப்பும்போது இரண்டு விதமான வெற்றிடங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தாடை விழுந்துபோன புதைபடிவத்தில் பல்லின் வடிவம் தெரியவில்லை; அங்கே கேள்விக்குறி இட வேண்டும். வளர்ந்த பருவத்தில் தாடையே இல்லாத இதய வடிவ முள்ளெலியில் பல்லின் வடிவம் என்ற கேள்வியே எழாது. அங்கே கோடு இட வேண்டும். மென்பொருள்கள் பல இவ்விரண்டையும் ஒரே மாதிரி நடத்தினாலும், பின்னால் முடிவைப் படிப்பவருக்கு இந்த வேறுபாடு மிகவும் தேவைப்படும்.

எது பழையது, எது புதியது என்பதைத் தீர்மானிக்கப் புறக்குழு, அதாவது ஆராயும் குழுவுக்கு வெளியே நிற்கும் உறவினம், வேண்டும். உயிருள்ளவற்றில் முள்ளெலிகளுக்கு மிக நெருங்கியவை கடல் அட்டைகள். மரபணு ஆய்வுக்கு அவை சரியான புறக்குழு. எலும்புப் பண்புகளுக்கு அவை ஏறத்தாழப் பயனற்றவை. தகட்டு ஓடும் விளிம்பெலும்பும் இல்லாத விலங்கை வைத்து எந்த நிலை பழையது என்று எப்படிச் சொல்வது? அங்கே ஆர்க்கியோசிடாரிஸ் போன்ற தண்டுக்குழுப் புதைபடிவம்தான் கைகொடுக்கும். அழிந்துபோன ஓர் இனம் இல்லாமல் உயிருள்ளவற்றின் உறவைக்கூட எலும்பிலிருந்து வரையறுக்க முடியாது என்பதை இந்த ஒரு படியே காட்டிவிடுகிறது.

அட்டவணையிலிருந்து மரத்தைக் கணிக்கும் டிஎன்டி, மிஸ்டர்பேய்ஸ் முதலிய மென்பொருள்களை இயக்குவது பற்றி இங்கே விரிவாகச் சொல்ல அவசியமில்லை. அவற்றின் கையேடுகளே போதும். கிடைக்கும் மரத்தில் கிளை பிரியும் ஒவ்வொரு கணுவும் எத்தனை பண்புகளால் தாங்கப்படுகிறது, ஒரு பண்பை நீக்கினால் அது குலைகிறதா என்று பார்ப்பதே முக்கியம்.

காலத்தைக் குறித்தல்

மரத்துக்கு ஆண்டுக் கணக்கு தருவது புதைபடிவங்களே. மேற்கு டெக்சாஸின் பெர்மியன் பாறைகளிலிருந்து 2015 இல் விவரிக்கப்பட்ட இயோடியாரிஸ் குவாடலூபென்சிஸ் சிடாராய்டுகளின் பக்கத்தைச் சேர்ந்தது; வயது 26 கோடியே 88 லட்சம் ஆண்டுகள். சிடாராய்டு ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது என்றால், அதன் உடன்பிறப்பான யூஎக்கினாய்டு வழியும் அதற்குள் பிரிந்திருக்கத்தான் வேண்டும், அந்த வழியின் புதைபடிவம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். இப்படி ஒரு கிளையின் வயது அதன் உடன்கிளையின் வயதையும் பின்னுக்குத் தள்ளும். ஒரு புதைபடிவம் தருவது குறைந்தபட்ச வயது மட்டுமே. உண்மையான பிரிவு அதைவிட முன்னதாக நிகழ்ந்திருக்கலாம். எனவே வயதைக் குறிக்கும்போது எந்தப் புதைபடிவம், எந்தப் பாறைப்படிவு, எந்தப் பண்பின் அடிப்படையில் அந்தக் கணுவுக்கு உரியது என்ற மூன்றையும் எழுத வேண்டும். பெயரை மட்டும் நம்பி வயது வைப்பதே பல பழைய மரங்களைக் கெடுத்தது.

மரபணுவும் ஓடும் முரண்படும்போது

இது நிச்சயம் நேரும். இரண்டு வழக்குகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதலாவது, வளையும் ஓடு கொண்ட எக்கினோத்தூரிட் முள்ளெலிகள். இங்கிலாந்தின் சுண்ணப்பாறையில் கிடைத்து 1863 இல் விவரிக்கப்பட்ட எக்கினோத்தூரியா ஃபுளோரிஸ் என்ற புதைபடிவம் வழியாகவே இவை அறிவியலுக்கு அறிமுகமாயின. 1869 இல் போர்க்குபைன் கப்பலின் ஆழ்கடல் வலையில் உயிருள்ள உறவினம் ஒன்று ஏறி வந்து கடலாய்வாளர் வைவில் தாம்சனை வியக்க வைத்தது. தகடுகள் ஒன்றன் மேலொன்று சரியும் அந்த ஓட்டைப் பழமையின் எச்சமாகக் கருத இடமிருந்ததால், எலும்புப் பண்புகளை வைத்த மரங்கள் இவற்றை மற்ற எல்லா யூஎக்கினாய்டுகளுக்கும் முன்பே பிரிந்த கிளையாக வைத்தன. 2018 இல் நிக்கோலாஸ் மோங்கியார்டினோ கோக்கும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட மரபணு ஆய்வு இவற்றை டயடீமாவின் கூட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்படியானால் வளையும் ஓடு பழமையின் மிச்சம் என்ற வாசிப்பைத்தான் மீண்டும் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, மணல் டாலர்கள். கடல் பிஸ்கட் எனப்படும் கிளைபியாஸ்டரும் தட்டையான மணல் டாலர்களும், வளர்ந்த பிறகும் தாடையைத் தக்கவைத்திருப்பதால் நீண்ட காலம் ஒரே குழுவாகக் கருதப்பட்டன. மேற்சொன்ன ஆய்வோ, தட்டை மணல் டாலர்களுக்குக் கிளைபியாஸ்டரைவிட எக்கினோலாம்பஸ் வகையினரே நெருங்கியவர்கள் என்று காட்டியது. எக்கினோலாம்பஸ் வகையில் வளர்ந்த விலங்குக்குத் தாடை கிடையாது. முதலில் நம்ப முடியாததாகத் தோன்றும் இந்த முடிவை ஓட்டோடு ஒத்துப்போகச் செய்யும் குறிப்பு குஞ்சுகளிடம் இருக்கிறது: எக்கினோலாம்பஸும் சேர்த்து எண்ணப்பட்டுவந்த கேசிடுலாய்டுகளின் இளம் பருவத்தில் சிறு தாடை இருந்து பின்னர் மறைந்துவிடுகிறது. தாடையை உண்டாக்கும் வழி அழியாமல் இருக்கும்போது, அதை வளர்ந்த பருவம் வரை நீட்டிப்பதோ இடையில் நிறுத்துவதோ ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நடந்திருக்கலாம். வளர்ந்த விலங்கின் தாடை என்ற ஒற்றைப் பண்புக்கு அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுத்துவிட்டோம் என்பதே என் கருத்து.

இம்மாதிரி முரண்பாட்டில் ஒரு தரப்பை உடனே தள்ளிவிடாமல், முரணுக்குக் காரணமான பண்பைப் பட்டியலிட்டு, அது குஞ்சுப் பருவத்தில் எப்படித் தோன்றுகிறது, தண்டுக்குழுவில் எந்த நிலையில் இருந்தது என்ற இரண்டையும் தேடிப் பார்க்க வேண்டும்.

அரியலூர் ஓட்டில் ஒரு பயிற்சி

அரியலூர்ப் பகுதியின் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல், கிரிட்டேசியஸ் காலத்தின் இறுதிக் கட்டத்தில் கடலடியில் படிந்தது. இந்தத் தென்னிந்தியக் கடற்படிவுகளின் புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846 இலும், முள்ளெலிகளைத் தனியாக ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1873 இலும் விவரித்தனர். அங்கே பெயர்பெற்றது ஸ்டிக்மட்டோபைகஸ் எலேட்டஸ். இந்த ஓட்டை மேற்சொன்ன வரிசையில் பரிசோதிப்போம்.

இருபது வரிசைகள், எனவே முடிக்குழு. மலவாய் உச்சியில் இல்லை, பின்பக்கத்தில் ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது, எனவே ஒழுங்கற்றவை. மேற்புறத்தில் குழற்கால் துளைகள் இதழ் வடிவில் விரிந்து மூச்சுக்குப் பயன்பட்டிருக்கின்றன. கீழே வாயைச் சுற்றி இடைப்பட்டைகள் உதடு போலப் புடைத்தும், அவற்றுக்கிடையே துளைகள் பெருத்து இலை வடிவில் நெருங்கியும், ஒரு பூவைப் போன்ற அமைப்பை உண்டாக்கியுள்ளன. தாடையைத் தாங்கும் விளிம்பெலும்பு இல்லை. இவை சேர்ந்து கேசிடுலாய்டு பக்கத்தைச் சுட்டுகின்றன. இதயவடிவ முள்ளெலிகளின் பக்கத்துக்கு அது போகாது என்பதையும் வாயைச் சுற்றிய அந்தப் பூ அமைப்பே உறுதிசெய்கிறது.

இந்த ஓடு முன்சொன்ன மணல் டாலர் வழக்கோடு நேரடியாகத் தொடர்புடையது. மணல் டாலர் கூட்டத்தின் மிகப் பழைய புதைபடிவமாகக் கருதப்படும் டோகோசயாமஸ் மேற்கு ஆப்பிரிக்காவின் பாலியோசீன் பாறைகளில் கிடைக்கிறது. அது கிரிட்டேசியஸ் முடிந்த பிறகு வந்த காலம். மோங்கியார்டினோ கோக் குழுவினரின் 2022 ஆம் ஆண்டுக் கணிப்போ மணல் டாலர் வழியின் தொடக்கத்தைக் கிரிட்டேசியஸுக்குள்ளேயே வைக்கிறது. இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்பும் புதைபடிவம் எங்காவது இருக்குமானால், கிரிட்டேசியஸ் இறுதிக் கடற்படிவுகளின் சின்னஞ்சிறு ஓடுகளிடையே தேடுவதே பொருத்தம். பெரிய அழகான ஸ்டிக்மட்டோபைகஸை எடுத்துக்கொண்டு சல்லடையில் தங்கும் சில மில்லிமீட்டர் ஓடுகளைக் கொட்டிவிடுபவர்கள் அந்த வாய்ப்பையும் சேர்த்தே கொட்டிவிடுகிறார்கள்.

முடிவை எழுதும்போது இனப் பெயரைத் தயங்காமல் விட்டுவிடலாம். எந்தக் கணு வரை சான்று அழைத்துச் செல்கிறதோ அந்தக் கணுவின் பெயரை மட்டும் எழுதுவதில் குறைவொன்றும் இல்லை. மாதிரி எடுக்கப்பட்ட ஊர், பாறையடுக்கு, அதன் கீழும் மேலும் உள்ள அடுக்குகள், எடுத்த நாள் ஆகியவற்றை எழுதிய சீட்டை ஓட்டோடு சேர்த்து, மேலிருந்தும் கீழிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்த படங்களுடன், பிறர் திரும்ப எடுத்துப் பார்க்கக்கூடிய அருங்காட்சியகம் ஒன்றில் பதிவெண் பெற்று வைக்க வேண்டும். அட்டவணையில் அந்த இனத்தின் வரிசைக்கு முன்னால் எழுத வேண்டியது அந்தப் பதிவெண்ணையே.